ஒருநாள் விட்டு ஒருநாள்

சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர் எஸ்டேட் ஒன்றில் முப்பத்தாறு வருஷம் பால்மரம் சீவியவள் இருளாயி. அவள் வாய் அந்த வட்டாரத்திலேயே பேர்போனது. மேட்டில் கடைசி மர நெரையில் நின்று ஒரு குரல் கொடுத்தால், கீழே ஸ்டோரில் பால் நிறுத்துக் கணக்கெழுதுகிற கிராணி பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். சண்டையென்றாலும் அவள் வாய்தான், சாவு வீட்டு ஒப்பாரியென்றாலும் அவள் வாய்தான். அந்த வாயில், இடது கன்னத்துக்குள்ளே, நாற்பது வருஷமாக வெற்றிலையையும் புகையிலையையும் அடக்கிவைத்த அதே இடத்தில், ஒரு புண் வந்து ஆறவே மாட்டேன் என்று நின்றுவிட்டது. எழுபத்தொன்பதாம் வருஷம் அது.

அதற்கு முன்பே எஸ்டேட் போய்விட்டது. துண்டுதுண்டாக விற்றார்கள், ரப்பரைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டார்கள். ஜனங்கள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். பன்னிரண்டு வீட்டு லயத்தில் இருளாயி மட்டும் மிச்சம். புருஷன் இராமசாமி செத்து ஆறு வருஷம். ஒரே மகள் நவமணி ஈப்போ பக்கத்து ஜெலாப்பாங்கில், புருஷனும் மாமியாருமாகக் குடித்தனம் நடத்துகிறாள். ஒரு வருஷமாக இந்தப் பக்கம் வரவில்லை. பேச்சுத்துணைக்கு என்று பார்த்தால், போன பொங்கலுக்குப் பிறகு வாங்கிய இரண்டு ஆடுகள். அதில் ஒன்றுக்குக் காது கேட்காது.

சிலிம் ரிவர் ஆஸ்பத்திரியில் வாயைத் திறக்கச் சொன்னார்கள். பார்த்தவர் முகம் மாறியது. கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினார்கள். அங்கே சதையைக் கிள்ளி எடுத்துப் பார்த்து, புற்று என்றார்கள். டாக்டர் சொன்னதையெல்லாம் அங்கே நர்ஸாக இருந்த பூமணி மிஸ்ஸிதான் தமிழில் சொன்னார். மிஸ்ஸிக்கு யாழ்ப்பாணத்து வழி. பேச்சிலும் அந்த வாசம்.

"முப்பது தரம் கரண்ட் வைக்க வேணும். கிழமைக்கு அஞ்சு நாள், ஆறு கிழமை. சனி ஞாயிறுதான் லீவு. மற்றபடி ஒரு நாளும் விடக் கூடாது, விளங்குதோ?"

கதிர் பாய்ச்சுகிற வைத்தியத்துக்கு அங்கே பேர் கரண்ட். இருளாயி தலையாட்டினாள். அவள் மனசு வேறு ஒன்றை எண்ணிக்கொண்டிருந்தது. நவமணிக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து இப்போதுதான் வயிற்றில் தங்கியிருக்கிறது. மார்கழி நடுவில் பிள்ளை பிறக்கும். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் நடக்க வேண்டும். தாய்வீடோ ஓடு சரிந்த லயம். அதனால் இருளாயியே ஜெலாப்பாங் போய், நாற்பது நாள் பத்தியச் சோறு ஆக்கிப்போட்டு, தாயையும் பிள்ளையையும் தேற்றிவிட்டு வருவதென்று இரண்டு பக்கமும் பேசி முடிவாகியிருந்தது. தீபாவளி முடிந்து ஆரம்பிக்கிற கரண்ட், கார்த்திகைக் கடைசியில் முப்பதும் முடிந்துவிடும். மார்கழி பிறக்கும்போது அவள் மகள் வீட்டு வாசலில் நிற்கலாம். அது மட்டும் நடந்துவிட்டால் போதும், அப்புறம் என்ன ஆனாலும் ஆகட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

நவமணியிடம் சொல்வதா? மூச்சு விடவில்லை. வயிற்றுப்பிள்ளைக்காரி கெட்ட சேதி கேட்கக் கூடாது. அதுவும் ஒன்பது வருஷம் தவம் கிடந்து தங்கிய வயிறு! வார்டில் படுக்கை தருகிறோம் என்று மிஸ்ஸி சொன்னதற்கும் ஒற்றைக்காலில் நின்று மறுத்துவிட்டாள். வார்டில் படுத்தால் யாராவது பார்ப்பார்கள், யாராவது ஈப்போவுக்குப் போவார்கள், வாய் சும்மா இருக்குமா? தவிர ஆடுகளை யார் பார்ப்பது? தினமும் காலை முதல் பஸ்ஸில் போய், மூன்று மணிநேரம் குலுங்கி, கரண்ட் வைத்துக்கொண்டு, சாயங்காலம் திரும்பிவிடுவதாகச் சொன்னாள். மிஸ்ஸி அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

முதல் நாள் அவள் கன்னத்தில் ஊதா மையால் கட்டம் போட்டார்கள். மெஷினின் கதிர் அந்தக் கட்டத்துக்குள்தான் பாயுமாம்; கோடு அழியக் கூடாதாம். இருளாயிக்கு அது உடனே பிடிபட்டது. புதுமரத்துக்கு உளி வைப்பதற்கு முன்னால் வேலையை மேற்பார்க்கிற தண்டல் வந்து பட்டையில் கோடு போடுவாரே, அதே சங்கதி. கோட்டுக்கு வெளியே உளி போனால் தண்டல் கத்துவார். ஆக, புருஷன் செத்த பிறகும் ஊர்ப்பேச்சைப் பார்க்காமல் வெள்ளி தவறாமல் முகத்துக்கு மஞ்சள் பூசியவள், அந்த வெள்ளிக்கிழமை வலது கன்னத்துக்கு மட்டும் பூசிக்கொண்டாள். கண்ணாடியில் பார்க்கச் சகிக்கவில்லை. ஒரு கன்னம் மஞ்சள், ஒரு கன்னம் ஊதா. அடக் கடவுளே என்று தனக்குத்தானே சிரித்தாள். கூடச் சிரிக்க ஆளில்லாததால் சீக்கிரமே நிறுத்திவிட்டாள்.

முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. இதற்கா இந்தப் பாடு என்றுகூட நினைத்தாள். இரண்டாவது வாரம் ஆரம்பித்தது பாருங்கள், எரிச்சல்! வாய்க்குள் எச்சில் வற்றிப்போனது. பச்சைத் தண்ணீர் பட்டால்கூடத் தீப்பட்ட மாதிரி இருந்தது. சோறு தொண்டைக்குப் போகுமுன் கண்ணில் தண்ணீர் வந்தது. ஆஸ்பத்திரியில் உப்பும் சோடாவும் கரைத்துக் கொப்புளிக்கச் சொன்னார்கள். அதையும் செய்தாள். பிறகு தன் கைவைத்தியத்தையும் சேர்த்துக்கொண்டாள். லயத்துப் பிள்ளைகளுக்கு வாய் வெந்துபோனால் அவள்தான் இலைத்தண்ணீர் காய்ச்சிக் கொடுப்பாள்: கொய்யாக் கொழுந்து ஒரு கை, மணத்தக்காளி இலை ஒரு கை, கடையில் வாங்கிய அதிமதுரம் இரண்டு துண்டு. மூன்று பங்கு தண்ணீர் ஒரு பங்காகச் சுண்டும்வரை கொதிக்கவிட்டு, வேட்டித் துணியில் வடிகட்டி, நன்றாக ஆறவைத்து, வாயில் அடக்கித் துப்ப வேண்டும்.

ஒளித்துச் செய்கிற ஆளல்ல அவள். இலைத்தண்ணீர் பாட்டிலைக் கொண்டுபோய் மிஸ்ஸியிடமே காட்டினாள். மிஸ்ஸி மோந்து பார்த்து, டாக்டரிடம் கேட்டுவிட்டு வந்தார்.

"நல்லாக் கொதிக்க வைச்சு ஆறினாப் பிறகு கொப்புளியுங்கோ, விழுங்க வேண்டாம். படிகாரம், சுண்ணாம்பு ஒண்டும் போட்டிடாதேங்கோ. எரிவு கொஞ்சம் அடங்கும், அவ்வளவுதான் அம்மா. நோய்க்கு மருந்து கரண்ட்தான். அதை விடாதேங்கோ."

கடைசியில் சொன்னதை இருளாயி காதில் வாங்கினாளோ இல்லையோ, யார் கண்டது.

கரண்ட் வைக்கிற அறைக்கு வெளியே ஒரு நீளப் பெஞ்சு. அங்கேதான் சின்னையாவைப் பார்த்தாள். லகாட்டுக்காரர், அறுபது வயசிருக்கும். ஊர் தூரம் என்பதால் வார்டிலேயே தங்கியிருந்தார். பார்க்க வருகிற ஆள் யாரும் இல்லை. அவருக்கும் வாயில்தான், தாடையோரம். கையில் கஞ்சிக் குவளையை வைத்துக்கொண்டு, உதட்டுக்குக் கொண்டுபோவதும் இறக்குவதுமாக இருந்தார். இருளாயியால் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

"அண்ணே, இத வாயில வச்சிருந்துட்டுத் துப்புங்க. பெறகு கஞ்சியக் குடிங்க. மிஸ்ஸிகிட்ட கேட்டாச்சுலா, பயப்படாதீங்க."

அவர் அறை வாசலில் நின்ற மிஸ்ஸியைப் பார்த்தார். மிஸ்ஸி தலையாட்டினார். சின்னையா கொப்புளித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு அரைக் குவளைக் கஞ்சி உள்ளே போனது. வாயைத் திறந்து பேச அவருக்கு உயிர் போகும். ஆனாலும் ஒரு வார்த்தை கேட்டார்.

"நாளைக்கு?"

"கொண்டு வாரேண்ணே."

அன்றிலிருந்து இரண்டு பாட்டில். ஒன்று அவளுக்கு, ஒன்று அவருக்கு. இரண்டு பேரும் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள், பேச்சு கிடையாது. இருளாயி தன் வாழ்நாளில் ஒரு ஆளோடு இத்தனை நேரம் பேசாமல் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

பன்னிரண்டாவது கரண்ட் முடிந்து வீட்டுக்கு வந்தவள், கண்ணாடியை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வாயைத் திறந்து பார்த்தாள். உள்கன்னம் முழுக்கத் தோல் உரிந்து, பாலாடை போல வெள்ளை படிந்து, ஓரமெல்லாம் ரத்தச் சிவப்பாக இருந்தது. அவள் பயந்துவிட்டாள். பயந்த மாத்திரத்தில் ஒரு ஞாபகமும் வந்தது. ஒரு காலத்தில் பால் விலை ஏறியதென்று தினமும் சீவச் சொன்னார்கள். ஒரு வருஷம்கூட ஆகவில்லை, பட்டை வெடித்து, பால் வற்றி, நெரை நெரையாக மரங்கள் வீணாயின. ஒருநாள் விட்டு ஒருநாள் சீவிய மரமோ முப்பது வருஷம் பால் கொடுத்தது. இதெல்லாம் இருளாயிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவள் சீவிய மரத்தில் ஒரு காயம் காட்ட முடியாது என்று தண்டலே சொல்லியிருக்கிறார்.

"மரத்துக்கே ஓய்வு வேணும்னா மனுசிக்கு வேணாமா?" என்று ஆடுகளைக் கேட்டாள். ஆடுகள் மறுத்துப் பேசவில்லை.

மறுநாள் அவள் பஸ் ஏறவில்லை. அதற்கு மறுநாள் போனாள். ரோட்டில் வெள்ளம் என்றாள், மழைக்காலம், நம்பினார்கள். அடுத்த தடவை பஸ் பழுது என்றாள். அடுத்து மரம் விழுந்துவிட்டது என்றாள். போகாத நாளில் ஏழெட்டுத் தடவை இலைத்தண்ணீர் கொப்புளித்தாள். என்ன ஆச்சரியம், எரிச்சல் மட்டுப்பட்டது! குழைந்த சோறு இறங்கியது. எல்லாம் கொய்யாக் கொழுந்தின் மகிமை என்று அவளுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. பெஞ்சில் சின்னையா அவள் வாயைப் பார்த்து, எப்படி என்று கையால் கேட்டார்.

"தண்ணி அப்பிடிண்ணே!" என்றாள் பெருமையாக. வேண்டுமென்றேதான் நாள் விட்டு நாள் வருகிறாள் என்பதைச் சொல்லவில்லை.

ஐந்தாவது வாரக் கடைசியில் டாக்டர் அவள் அட்டையை எடுத்தார். விரலால் தொட்டுத்தொட்டு எண்ணினார். பூமணி மிஸ்ஸியின் முகம் கடுகடுவென்று ஆனது.

"இருபத்தஞ்சு போயிருக்க வேணும். பத்தொன்பதுதான் போயிருக்கு. உண்மையைச் சொல்லுங்கோ அம்மா, வெள்ளமோ?"

இருளாயி உண்மையைச் சொன்னாள். சொன்னாள் என்ன, பாடமே நடத்தினாள். பட்டை, பால், ஓய்வு, ஒருநாள் விட்டு ஒருநாள். மிஸ்ஸி அதை டாக்டருக்குச் சொன்னார். டாக்டர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. ஏதோ மெதுவாகச் சொன்னார்.

"விட்ட நாளுக்காக இன்னும் அஞ்சு கூட வைக்க வேணுமாம். மிச்சம் பதினொண்டோடை சேர்த்து இனிமேல் பதினாறு, தினமும். புது வருஷம் பிறந்தாப் பிறகுதான் முடியும். இனி ஒரு நாள் விட்டாலும் தன்னாலை பொறுப்பெடுக்க ஏலாது எண்டு சொல்லுறார்."

புது வருஷம் பிறந்த பிறகா! அதற்குள் மார்கழி பாதி போய்விடுமே! இருளாயிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வெளியே வந்து பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தாள். சின்னையா திரும்பிப் பார்த்தார். அவரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். மகள், பிள்ளை, பத்தியம், மரம் எல்லாம். "நீங்களே சொல்லுங்கண்ணே, மரத்துக்கு ஓய்வு குடுக்கலியா நாம?" என்று கேட்டாள்.

சின்னையா கஞ்சிக் குவளையைக் கீழே வைத்தார். பிறகு வாயைப் பாதி மட்டும் திறந்து, ஒவ்வொரு வார்த்தையாக வலிக்க வலிக்க எடுத்து வைத்தார்.

"நான் மரம் சீவுனவன் இல்ல தங்கச்சி. லாலாங் தொடைச்சவன். இருவது வருசம்."

லாலாங் புல்லைப் பற்றி இருளாயிக்குத் தெரியாதா? ரப்பர் காட்டுக்கே அது எமன். மருந்தில் நனைத்த துணியால் ஒவ்வொரு தாளாகப் பிடித்துத் துடைத்துக்கொண்டே போவார்கள். ஒரு ரவுண்டு முடிந்ததும் அடுத்த ரவுண்டு.

"கரண்டு உளி இல்ல. அது மருந்து," என்று தன் தாடையைத் தொட்டுக் காட்டினார். "ஒரு ரவுண்டு விட்டா?"

ஒரு ரவுண்டு விட்டால் என்ன ஆகும் என்று எஸ்டேட்டில் பிறந்த எந்தப் பிள்ளையும் சொல்லும். அடியில் வேர் ஓடிவிடும். அடுத்த தடவை போய்ப் பார்த்தால் காடே வெள்ளையாகப் பூத்து நிற்கும். முப்பத்தாறு வருஷம் காட்டில் கிடந்தும் மரத்தைத்தான் பார்த்தேன், புல்லைப் பார்க்கவில்லையே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

சின்னையா இன்னும் முடிக்கவில்லை. "நீ வராத நாளு... பாட்டுல் இல்ல. கஞ்சி எறங்கல."

அதுதான் அவளை அடித்துப்போட்டது. தான் போகாத நாளில் அங்கே தேட ஒருத்தரும் இல்லை என்று நினைத்துத்தானே அவள் நாள் விட்டு நாள் வீட்டில் கிடந்தாள்? இங்கே ஒரு மனுஷன் கஞ்சிக் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்திருந்திருக்கிறார். அவளுக்கு வெட்கமாக இருந்தது, அழுகையாகவும் இருந்தது.

அதற்குப் பிறகு ஒரு நாளும் விடவில்லை. எரிச்சல் பழையபடி வந்தது, முன்னைவிட மோசமாக வந்தது. கொய்யாக் கொழுந்து அதை ஒரு மணிநேரம், இரண்டு மணிநேரம் தள்ளிப்போட்டது. அந்த நேரத்துக்குள் கஞ்சியைக் குடித்துவிட வேண்டும். அந்த மகிமை அவ்வளவுதான் என்பதும், இடையில் வாய் ஆறியது இலையால் அல்ல, விட்டுப்போன நாளால் என்பதும் அவளுக்கு இப்போது தெரிந்தது.

ஒரு புதன்கிழமை பெஞ்சில் சின்னையா இல்லை. முப்பதும் முடிந்து காலை ரயிலில் ஊருக்குப் போய்விட்டார் என்று மிஸ்ஸி சொன்னார். கழுவித் துடைத்த பாட்டிலை மிஸ்ஸியிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். லகாட்டில் எந்த வீடு, எந்தத் தெரு, ஒன்றும் இவள் கேட்டுவைக்கவில்லை. அன்றைக்கும் பழக்கத்தில் இரண்டு பாட்டில் கொண்டுவந்திருந்தாள். இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு தன் முறைக்காகக் காத்திருந்தாள்.

ஜெலாப்பாங்கிலிருந்து கடிதம் வந்தது. 'அம்மா, எப்ப வார? எனக்குப் பயமா இருக்கு' என்று நவமணி எழுதியிருந்தாள். இருளாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சிலிம் ரிவரில் அவள் அதிமதுரம் வாங்குகிற கடைக்காரர் படித்துக் காட்டினார். பதிலும் அவரே எழுதுவதாகச் சொன்னார். என்னவென்று எழுதச் சொல்வது? நோய் என்று சொல்ல முடியாது. வெள்ளம் என்றால் ஈப்போ பஸ் ஓடுகிறதே என்பார்கள். அவள் புத்திக்கு அந்த நேரத்தில் எட்டியது ஒன்றுதான்.

"ஆடு குட்டி போடப் போவுது, பாத்துக்க ஆளில்ல, பெறகு வாரேன்னு எழுதுங்க."

கடைக்காரர் ஒரு முறை அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே எழுதினார்.

முப்பத்தைந்தாவது கரண்ட் முடிந்த மறுநாள், செம்பனைத் தோட்டத்துக் காவல்காரரிடம் ஆடுகளை ஒப்படைத்துவிட்டு, சேலைத் தலைப்பால் கன்னத்தைப் போர்த்திக்கொண்டு இருளாயி ஜெலாப்பாங் வாசலில் போய் நின்றாள். பிள்ளை பிறந்து ஆறு நாள் ஆகியிருந்தது. ஆண்பிள்ளை. சம்பந்தியம்மா கதவைத் திறந்தாள்.

"வாங்க சம்பந்தி. ஆடு நல்லபடியா குட்டி போட்டுச்சா?"

உள்ளே நவமணி பிள்ளையோடு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். 'பயமா இருக்கு' என்று எழுதியவள் அவள். பிரசவ வலியில் அம்மா அம்மா என்று கத்தியவள் அவள். வராத அம்மாவோடு அவளுக்கு என்ன பேச்சு? இருளாயி விளக்கம் சொல்லவில்லை. பச்சை உடம்புக்காரியிடம் எதைச் சொல்வது? சொல்லத்தான் வாய் எங்கே இருக்கிறது? அடுப்படிக்குப் போய்ப் பூண்டை உரித்தாள். மூன்று நாளும் வாய் திறக்காமல் பத்தியம் ஆக்கினாள், பிள்ளையைக் குளிப்பாட்டினாள், துணி துவைத்தாள். இவ்வளவு பெரிய வாய்க்காரிக்கு இவ்வளவு கர்வமா என்று சம்பந்தி பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தது அவள் காதிலும் விழுந்தது.

நான்காம் நாள் மத்தியானம் சம்பந்தி கோயிலுக்குப் போயிருந்தாள். தண்ணீர் குடிக்க வந்த நவமணி அடுப்படி வாசலில் நின்றுவிட்டாள். அடுப்பில் சம்பந்தி வைத்த மீன்குழம்பு தொடாமல் இருந்தது. கவளத்துக்கு ஒரு ஊசிமிளகாய் கடிக்கிற அம்மா, தரையில் உட்கார்ந்து, மகளுக்கு ஆக்கிய பத்தியச் சோற்றின் மிச்சத்தில் வெந்நீர் ஊற்றிக் கரைத்து, சொட்டுச் சொட்டாக உள்ளே இறக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, பெத்தது நானு. பத்தியம் ஒனக்கு எதுக்கு?"

குத்தலாகத்தான் கேட்டாள். இருளாயி திடுக்கிட்டு நிமிர்ந்தபோது தலைப்பு நழுவியது. இடது கன்னத்தில் கறுத்துக் கருகிய ஒரு கட்டம். ஓரத்தில் ஊதாக் கோடு இன்னும் அழியாமல் இருந்தது. நவமணி பக்கத்தில் வந்து குந்தினாள். இருளாயி கஞ்சியைக் கீழே வைத்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி வாயைத் திறந்து காட்டினாள்.

நவமணி கத்தவில்லை. நழுவிய தலைப்பை எடுத்து அம்மாவின் தோளில் போட்டாள். "எத்தன நாளும்மா?" என்றாள்.

இருளாயி ஐந்து விரலை விரித்து மூடினாள். ஏழு தடவை.

"தனியாவா போயிட்டு வந்த?"

அத்தனை கரண்டுக்கும் அழாதவள் அப்போது அழுதாள். கண்ணீர் உதட்டில் இறங்கி எரிந்தது.

"அப்ப ஆடு? குட்டி போடுதுன்னு எழுதினியே?"

இருளாயி எச்சில் இல்லாத வாயைக் கஷ்டப்பட்டுத் திறந்தாள். அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"ரெண்டும் கெடாடி."

நவமணிக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்தவள் அப்படியே அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மினாள். உள்ளே பிள்ளை விழித்துக்கொண்டு அழுதது. எழுந்து போக வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தெரிந்துதான் இருந்தது.